அறுபத்துமூணு கதவும் ஐம்பத்தொன்பது தலைக்கட்டும்

மரக்காணத்து உப்பளத்துக்கு மேற்கே, ரோட்டை ஒட்டின தெருவில் மூணாவது வீடு மாயவனுடையது. அவனோட அப்பனுக்கும் உப்பளம்தான், அப்பனைப் பெத்தவனுக்கும் உப்பளம்தான். மாயவன் பெண் எடுத்தது பெருமுக்கல்லில். அந்தம்மாவோடு கூடப் பிறந்தவங்க அஞ்சு பேர், அஞ்சு பேருக்கும் வாய் ஜாஸ்தி. அந்த வாய் மாயவனோட ரெண்டாவது பொண்ணு அமுதவல்லிக்கும் வந்தது. ஆனால் பேச்சாக வரவில்லை, கேள்வியாக வந்தது.

ஏழு வயசில் அவள் அப்பனுக்குச் சோறு கொண்டுபோனபோது கேட்டாளாம்: "ஏம்பா, பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. ஒரே தண்ணி, ஒரே வெயிலு. இதுல உப்பு பூத்திருக்குது, அதுல ஏன் பூக்கல?"

மாயவன் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே, "தண்ணியப் போய்க் கேளு" என்றான். எரிச்சலில் சொன்னது. அவள் நிஜமாகவே போனாள். ஒரு பாத்தியில் வலது கை விரலையும் அடுத்ததில் இடது கை விரலையும் விட்டு, மாத்தி மாத்தி நக்கிப் பார்த்துவிட்டு வந்து, "அதுல கரிப்பு கம்மிப்பா. யாரோ நல்ல தண்ணி விட்டிருக்காங்க" என்றாள். மடை கசிந்திருந்தது. அன்றைக்கு மாயவனுக்குச் சோறு இறங்கவில்லை. பொண்ணுக்கு இப்படி மூளை இருந்தால் எங்கே கட்டிக்கொடுப்பது என்று அவனுக்குக் கவலை.

பிளஸ் டூ முடித்தாள். திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டாள். அப்புறம் ரெண்டு வருஷம் வீட்டில் இருந்தாள், உப்புச் சீசனில் தலைச்சுமை தூக்கினாள். சுனாமி அலை வந்த பிறகு, ரெண்டாயிரத்து அஞ்சு மாசி மாசத்தில், உதவி செய்ய வந்த சங்கம் ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பழைய உப்புக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து ஆபீஸ் போட்டது. டைப் தெரிந்தவர்கள் வேணும் என்றார்கள். அமுதவல்லி போனாள். அவளுக்கு முன்னாடியே அங்கே சவரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். சவரியம்மாள் மாதா கோயில் தெரு. அவளுக்கு முப்பத்தஞ்சு வயசு, மூணு பிள்ளைகள், புருஷன் லாரி ஓட்டுகிறவன். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

அதைக் கொண்டுவந்து வைத்தவன் சித்தார்த்தன். வானூர் தபால்காரர் மகன், ஆரோவில்லில் வேலை. யாரோ வெள்ளைக்காரர் வேணாம் என்று ஒதுக்கின மெஷினைத் தன் வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். அதில் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிற மாதிரி படம் போட்ட திரை கிடையாது. லினக்ஸ் என்றான். மவுஸ் என்று ஒன்று இருந்தது. உப்புக் காத்தில் அதுவும் ரெண்டாவது வாரமே வேலை செய்யாமல் போயிற்று. மிச்சம் இருந்தது கருப்புத் திரையும், அதில் மின்னுகிற ஒரு சின்னக் கோடும்தான்.

"இதுல இன்னாத்தம்மா செய்யிறது? விளக்கு அணைஞ்ச வீடு மாதிரி இருக்குது" என்றாள் சவரியம்மாள்.

"அடிச்சிப் பாப்போங்க்கா. கடிக்கவா போவுது?" என்றாள் அமுதவல்லி.

அந்த மெஷினுக்குள்ளேயே ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம் எழுதி வைத்திருந்தது. எல்லாம் இங்கிலீஷ். அவள் பள்ளிக்கூடத்து டிக்‌ஷனரியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் படிப்பாள். பாதி புரியும். புரியாத பாதியை அடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

வைகாசியில் அந்த வேலை வந்தது. பதினோரு மீனவர் குப்பத்துக்கும் குடும்ப அட்டை அடிக்கணும். அந்தச் சங்கம் கட்டப்போகிற கல்வீட்டுக்கு அந்த அட்டைதான் ஆதாரம். அட்டை இருக்கிற குடும்பத்துக்கு வீடு, அட்டையில் எத்தனை பேர் என்று போட்டிருக்கோ அதுக்குத் தக்கபடி அறை. அட்டை இல்லாவிட்டால் வீடு இல்லை. சித்தார்த்தன் கண்டிப்பாகச் சொன்னான்:

"முதல்ல பனைமேட்டுக் குப்பம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க. சனிக்கிழமை காலையில புதுச்சேரி பிரஸ்ல குடுக்கணும். ஒரு தடவை அச்சாயிட்டா அவ்வளவுதான். இன்னொரு தடவை யாரும் காசு தர மாட்டாங்க."

அந்தக் குப்பத்துக்கு ரெண்டு ஃபைல் இருந்தது. ஒன்று அமுதவல்லி எடுத்தது. அலைக்குப் பிறகு தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டகை வரிசையில் வடகோடியிலிருந்து தென்கோடி வரைக்கும் நடந்து, ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, அந்த வீட்டில் பொறுப்பாக இருக்கிறவங்க பேரை எழுதிக்கொண்டு வந்தது. இன்னொன்று சவரியம்மாள் எடுத்தது. அவள் குப்பத்துத் தலைவரான நாட்டார் செல்லப்பனிடம் உட்கார்ந்து, அதே வடகோடியிலிருந்து வரிசையாக எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டு, வெறும் எண்ணிக்கையை மட்டும் அடித்து வைத்திருந்தாள். பேர்தான் அந்த ஃபைலில் இருக்கிறதே, இன்னொரு தடவை எதுக்கு என்று நினைத்திருந்தாள். இப்போது ரெண்டையும் சேர்க்கணும்.

அமுதவல்லி அதுக்கு ஒரு கட்டளை கண்டுபிடித்து வைத்திருந்தாள். பேஸ்ட் என்று பேர். ரெண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, முதல் வரியோடு முதல் வரி, ரெண்டாவது வரியோடு ரெண்டாவது வரி என்று ஒட்டித் தரும். அடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் திரை நிறைந்துவிட்டது.

"அடி ஆத்தி! ஒரு நாள் வேலைன்னு நெனச்சேன்" என்றாள் சவரியம்மாள்.

கடைசியில் நாலு வரி மட்டும் மொட்டையாக இருந்தது. பேர் இருந்தது, எண்ணிக்கை இல்லை. அறுபது, அறுபத்தொண்ணு, அறுபத்திரெண்டு, அறுபத்துமூணு. போனில் கேட்டதுக்கு சித்தார்த்தன், "தென்கோடியில நாலு வீட்ட நாட்டார் மறந்திருப்பாருங்க. கேட்டுப் போட்டுடுங்க, முடிஞ்சிது" என்றான்.

வேற ஒருத்தியாக இருந்தால் போட்டிருப்பாள். அமுதவல்லி திரையை மேலே இருந்து ஒரு தடவை படித்தாள். முப்பதாவது வரியில் கண் நின்றது. சிரித்துவிட்டாள்.

"இன்னாடி?"

"காசிலிங்கம் வீட்ல எட்டுப் பேராங்க்கா!"

சவரியம்மாளும் சிரித்தாள். காசிலிங்கத்தை உப்பளத்தில் தெரியாதவங்க கிடையாது. சைக்கிளில் மீன் கூடை கட்டிக்கொண்டு பாத்தி வரப்போடு வருவான். அம்பது வயசாகியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். "எனக்குப் பொண்ணு குடுக்க யாரும் இல்ல, மீன வாங்க மட்டும் வந்துடுறீங்க" என்று எடைபோடும்போதெல்லாம் பொம்பளைகளை வம்புக்கு இழுப்பான்.

"நமக்குத் தெரியாம ஏழு பேர எங்கடி ஒளிச்சி வச்சிருக்கான்?"

அமுதவல்லி அதுக்குள் மேலே போயிருந்தாள். இருபத்தேழாவது கதவு வேல்முருகன். பெண்டாட்டி, அஞ்சு பிள்ளைகள். அவள் கதவு நம்பர் போடப் போனபோது அஞ்சும் அவளுடைய சாக்பீஸுக்குச் சண்டை போட்டன. அந்த வரியில் "ஒண்ணு" என்று இருந்தது.

"ஒத்தையா இருக்கிறவனுக்கு எட்டு. ஏழு பேரு இருக்கிற வீட்டுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு யாரோடது? காசிலிங்கத்தோடது. மூணு வீடு மேல ஏறிப் போயிருக்குதுக்கா. அப்ப கொறையிறது தென்கோடியில இல்ல. நடுவுல எங்கியோ."

எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லவும் ஒரு கட்டளை உண்டு. அடித்தாள். பேர் ஃபைலில் அறுபத்துமூணு. எண்ணிக்கை ஃபைலில் ஐம்பத்தொன்பது. பேஸ்டுக்கு வரிசை மட்டும்தான் தெரியும், யாரோடு யார் என்று தெரியாது. நடுவில் ஒருத்தர் விட்டுப்போனால் அவருக்குக் கீழே இருக்கிற எல்லாரும் ஒரு வீடு தள்ளிக் குடிபோய்விடுவார்கள்.

மறுநாள் புதன்கிழமை சவரியம்மாள் குப்பத்துக்குப் போய், ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கதவு நம்பரைச் செல்லப்பனிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். அமுதவல்லி ரெண்டு ஃபைலிலும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கதவு நம்பரைச் சேர்த்தாள். ஒண்ணு, ரெண்டு என்று போட்டால் அந்த மெஷின் ஒண்ணுக்கு அப்புறம் பத்தை நிறுத்துகிறது என்று பார்த்து, பூஜ்யம் ஒண்ணு, பூஜ்யம் ரெண்டு என்று மாத்தினாள். இந்தத் தடவை வேற கட்டளை. ஜாயின். இது வரிசையைப் பார்க்காது, நம்பரைப் பார்த்துச் சேர்க்கும். இருபத்தேழுக்கு இருபத்தேழு, முப்பதுக்கு முப்பது. ஆனால் ரெண்டு ஃபைலும் நம்பர்ப்படி ஒழுங்காக நிற்கணும். மாறி நின்றால் கோபித்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை காலையில் அடித்தாள். வேல்முருகனுக்கு ஏழு வந்தது. காசிலிங்கத்துக்கு ஒண்ணு வந்தது. மொட்டை வரி ஒன்றுகூட இல்லை. பார்க்க நாத்து நட்ட கழனி மாதிரி இருந்தது.

"அப்பாடா! மாதா புண்ணியம், முடிஞ்சிது" என்று சவரியம்மாள் பையை எடுத்தாள்.

"இருங்க்கா, எண்ணிடுறேன்."

ஐம்பத்தொன்பது.

அமுதவல்லி இன்னொரு தடவை எண்ண வைத்தாள், அதேதான். முந்தின பேஸ்டாவது மொட்டை வரியைக் காட்டி, இங்கே ஏதோ குறையுது என்று சொன்னது. இது ஜோடி இல்லாத நாலு பேரையும் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு, எல்லாம் சரி என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படியே பிரஸ்ஸுக்குப் போயிருந்தால்?

டிக்‌ஷனரியை எடுத்தாள். ஜாயினுக்கு எழுதியிருந்த விளக்கத்தைச் சாப்பாட்டை மறந்து படித்தாள். கடைசியில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள்: ஜாயின், ஒரு இடம் விட்டு, சின்னக் கோடு, வி, ஒரு இடம் விட்டு, ஒண்ணு. அப்புறம் ரெண்டு ஃபைல் பேரும். அதாவது, முதல் ஃபைலில் ஜோடி கிடைக்காதவங்களை மட்டும் காட்டு.

நாலு வரி வந்தது. ஒன்பது, இருபத்துமூணு, இருபத்துநாலு, ஐம்பத்தொண்ணு. சரஸ்வதி. பாஞ்சாலை. அருக்காணி. தனபாக்கியம்.

"நாலும் பொம்பளைங்க. ஏங்க்கா?" என்றாள் அமுதவல்லி.

சவரியம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அமுதவல்லியே குப்பத்துக்குப் போனாள். இருபத்துமூணாம் கதவில் அவள் போட்ட நம்பர் அப்படியே இருந்தது. பாஞ்சாலை வெளியே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். மூணு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை. அலையில் வீடும் போயிற்று. பக்கத்துக் கதவு அருக்காணி, அவளுடைய மாமியார். ரெண்டு கதவுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிதான், ஆனால் தனித்தனி அடுப்பு.

"ஏங்க்கா, நாட்டார் எண்ணிக்கை சொன்னாரே, உங்க வீட்ட மட்டும் ஏன் சொல்லல?"

பாஞ்சாலை நிமிரக்கூட இல்லை. "நாங்க தலைக்கட்டுல வர மாட்டோம்மா."

"தலைக்கட்டுன்னா?"

"இன்னாம்மா, இத்தினி வருஷமா பக்கத்துல இருக்கிற, இதுகூடத் தெரியாதா? தனி வீடு வச்சிருக்கிற ஆம்பள ஒரு தலைக்கட்டு, கண்ணாலம் ஆவாட்டியும். வரின்னாலும் அவன்தான், பங்குன்னாலும் அவன்தான். அவன் போய்ட்டா தலைக்கட்டும் போய்டுது."

"அப்ப நீங்க?"

"நாங்க இருக்கிறோம்." இறால் தோலைத் தூக்கிக் காக்காய்க்குப் போட்டாள். "எண்ணுறதில்ல. அவ்ளோதான். கல்வீட்டுக்கும் எண்ண மாட்டாங்கன்னு தெரியும். எங்கண்ணன் வீட்டுப் பக்கம் போவலாமான்னு பாக்கிறேன். அண்ணிதான் புள்ளைங்களோட வர வேணாங்குது."

அமுதவல்லி வந்த கோபத்தோடு நேரே நாட்டார் செல்லப்பனிடம் போனாள். அவர் எதிரே இருந்த வலைக்கூடத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஒழுங்கான மனுஷர், யாரையும் அடித்துப் பேசாதவர். இவள் கேட்டதும் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார்.

"ஏம்மா, நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே. எங்க நோட்டுல இருக்கிறபடி சொன்னேன். புருஷன் இல்லாதவகிட்ட வரி கேக்கக்கூடாதுன்னு எங்க முப்பாட்டன் காலத்துக் கட்டுப்பாடு. நல்லதுக்குன்னு வச்சதும்மா. இன்னிக்கு வரைக்கும் ஒருத்திகிட்டயும் கோயில் வரின்னு கை நீட்டினதில்ல."

அமுதவல்லிக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மழுப்புவார், சண்டை போடுவார் என்று வந்தவள். இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கேட்காமல் விட்ட தயவுதான் அந்த நாலு பேரையும் நோட்டை விட்டே எடுத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவங்க அன்றைக்கு வரியைத்தான் நினைத்தார்கள். வீடு என்று ஒன்று நோட்டைப் பார்த்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

"நான் வரிக்கு எண்ணலீங்க. கதவ எண்ணுறேன். நாளைக்கு அட்டை அச்சுக்குப் போவுது. அதுல இல்லாட்டி அந்த நாலு பேருக்கும் வீடு கெடையாது."

செல்லப்பன் யோசித்தார். "சரி, ஒண்ணு செய்யி. பாஞ்சாலையையும் அவ மாமியாளையும் ஒரே அட்டையில போடு. ஒரு வீடு போதும்."

அருக்காணி கூடையோடு பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவள் செல்லப்பனுக்கு மூத்த அக்காள், ஒரே வயித்தில் பிறந்தவள். பாஞ்சாலைப் புருஷனுக்கு இவர் தாய்மாமன்.

"யார யாரோட போடுற? நான் அவளோட ஒரு கூரையிலயா? அவ வைக்கிற கொழம்ப நாய் மோந்து பாக்காது!"

"நீ வைக்கிறத மோந்து பாத்த நாயி ஊர விட்டே ஓடிப்போச்சி" என்று இறால் உரிக்கிற இடத்திலிருந்தே பாஞ்சாலை குரல் வந்தது.

"அக்கா, சும்மா இரு. உனக்கு நான் இருக்கிறேன் இல்ல?" என்றார் செல்லப்பன்.

"நீ இருந்துதான் என் பேரு நோட்டுல இல்லாம போச்சி. கூடப் பொறந்தவள எண்ணத் தெரியல, நாட்டாராம்!"

வலைக்கூடத்தில் இருந்தவங்க எல்லாரும் வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். செல்லப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் மெள்ளமாக, "நாலு பேரையும் எழுதிக்கம்மா. தனி அட்டையே இருக்கட்டும். ஆனா எங்க ஐம்பத்தொன்பதையும் கலைக்காத. இவங்கள கடைசியா, ஒரு கோடு போட்டுக் கீழ எழுது. பாக்கிறவங்க தலைக்கட்டுன்னு நெனச்சிக்கக் கூடாது" என்றார்.

அது சின்ன விஷயம்தான். ஒத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் கோட்டுக்குக் கீழே இருப்பவங்களை அடுத்த தடவை யாராவது கத்தரித்துவிட மாட்டார்களா என்று அவளுக்குத் தோன்றியது.

"அது முடியாதுங்க. நம்பர் வரிசை மாறினா கம்ப்யூட்டர் ஒத்துக்காது. மொத்தமும் நின்னுடும்."

"நெஜமாவா?"

"வேணும்னா ஆபீஸ்ல வந்து பாருங்க."

அவர் வரவில்லை. அவள் சொன்னதும் பொய் இல்லை. நாலு கதவிலும் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கிடங்குக்குத் திரும்பினாள். எண்ணிக்கை ஃபைலில் நாலு வரி சேர்த்தாள், நம்பர்ப்படி நிறுத்தினாள், ஜாயின் அடித்தாள். எண்ணினாள். அறுபத்துமூணு. ஜோடி இல்லாதவங்களைக் காட்டு என்று கேட்டாள். ஒன்றும் வரவில்லை. அந்தச் சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் வரலியேடி" என்றாள் சவரியம்மாள்.

"வரலன்னாதாங்க்கா நல்லது" என்றாள் அமுதவல்லி.

மிச்சம் பத்து குப்பத்துக்கும் ஜோடி இல்லாதவங்க யார் என்று முதல் நாளே கேட்பது என்று சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை குப்பத்தில் அட்டை கொடுத்தார்கள். சித்தார்த்தன் நம்பர் கூப்பிட, சவரியம்மாள் கைநாட்டு வாங்க, அமுதவல்லி அட்டையை எடுத்துக் கொடுத்தாள். இருபத்திரெண்டு முடிந்ததும், "இருபத்துமூணு, பாஞ்சாலை" என்றான். ஆம்பளைகள் நின்றிருந்த வரிசை கொஞ்சம் விலகி இடம் விட்டது. பாஞ்சாலை இறால் வாசனையோடு வந்து அட்டையை வாங்கி, எழுத்துப் பக்கம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இன்னா போட்டிருக்குது?"

"உங்க பேரு. அப்புறம் மூணு பேருன்னு."

பாஞ்சாலை முகம் மாறிவிட்டது. சுத்தி ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "தப்பாப் போட்டுட்டியேம்மா. எனக்கு ரெண்டுதான். பெரியவன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. யாராவது வந்து கேட்டா பிரச்சினையாயிடப் போவுது."

"ரெண்டு புள்ளைங்க சரிங்க்கா. நீங்க?"

பாஞ்சாலை கட்டைவிரலால் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மூணாவது விரலில் நிறுத்தினாள். பின்னாலிருந்து அருக்காணி, "நவுருடி, எனக்கு நம்பர் கூப்புடுறாங்க" என்று முதுகில் இடித்தாள். பாஞ்சாலை நகரவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணினாள்.